நூறாவது செல்லப்பெயர்

அயர்லாந்துக் கடற்கரை ஊரான ரோஸ்குவனில் அன்புக்குப் பஞ்சம் என்று யாரும் வாய் கூசாமல் சொல்லிவிட முடியாது. காலையில் கதவைத் திறந்தால் போதும், வாசலிலேயே கொட்டும். தபால்காரன் மார்கஸ் அரசாங்கக் கடிதாசை நீட்டுவதற்குள் அவனை நாலு செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார்கள். அடுத்த வீட்டுக்காரன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என் இதயத்தின் நாடியே, உன் செம்மறி மறுபடியும் என் முட்டைக்கோஸைத் தின்னுடுச்சு, உனக்குக் கண்ணு எங்க இருக்கு?" என்பான். திட்டு எவ்வளவு பெரிதோ, முன்னால் வரும் செல்லப்பெயரும் அவ்வளவு பெரிது. ஐரிஷ் பேசுகிறவர்களின் வழக்கம் அப்படி. "என் ரகசியமே!" என்று நடுத்தெருவில் நின்று ஊருக்கே கேட்கும்படி கத்துவார்கள். யாரை என்று பார்த்தால், நாயை.

இத்தனை தாராளத்திலும் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. யாரை மனசுக்குள் வைத்திருக்கிறோமோ அந்த ஆளுக்கு. அவளிடம் பேச வேண்டுமென்றால் பேர் சொல்லாமல், செல்லம் சொல்லாமல், ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்துவிட வேண்டும். "காத்து மாறிடுச்சு." அவ்வளவுதான். பசுவைக் கொஞ்சும் அதே வாயால் அவளையும் கொஞ்சினால் அவளுக்கு என்ன மரியாதை? இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

இந்த வழக்கத்தை ஃபேஹீனைப் போல விடாப்பிடியாகக் கடைப்பிடித்தவன் அந்தக் கடற்கரையிலேயே கிடையாது. வயசு ஐம்பத்தாறு. ஒரு படகு, ஒரு பசு, கல்யாணம் ஆகவில்லை. ஒன்பது வருஷமாக நாப்லாவை அவன் ஒன்றுமே கூப்பிட்டதில்லை. நாப்லா மேட்டு வீட்டு விதவை. அவள் புருஷன் டைக் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஃபேஹீன் அவள் வீட்டுப் படலைச் சரிசெய்து கொடுப்பான், அடுப்புக்குச் சதுப்பில் வெட்டிக் காயவைத்த எரிகட்டிகளைக் கொண்டுவந்து அடுக்குவான், கானாங்கெளுத்தி மீன் கிடைத்தால் நான்கை வாசலில் வைப்பான். அவள் பசுவைப் பார்த்தால் "என் உலகமே!" அவள் கோழிகளுக்கு "கண்மணிகளா!" அவள் எதிரே வந்தால் மட்டும் தொண்டையில் முள் சிக்கிய மாதிரி ஒரு கனைப்பு. "காத்து மாறிடுச்சு."

"ஆமா, மாறிடுச்சு" என்பாள் நாப்லா. கொஞ்ச நேரம் அவனையே பார்ப்பாள். பிறகு உள்ளே போய்விடுவாள். இதையே ஒரு சம்பாஷணை என்று நினைத்து ஃபேஹீன் ஒரு வாரத்துக்கு மிதந்துகொண்டிருப்பான். அப்படி ஒரு மனுஷன்.

அந்த வருஷம் அக்டோபரில் பாஸ்டனிலிருந்து நாப்லாவின் அக்கா கடிதம் போட்டாள். "அந்த மழையில தனியா உட்கார்ந்து என்னத்தைக் கண்டே? இங்க வந்து என்கூட இரு." நாப்லா மார்ச் மாதம் இரண்டாம் சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தாள். திரும்பி வரும் டிக்கெட் எடுக்கவில்லை. ஃபேஹீன் நாள்காட்டியை எடுத்து எண்ணிப் பார்த்தான். மார்ச்சுக்குள் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது? கனைப்பைத் தவிர அவனிடம் ஒன்றும் இல்லை. கனைத்துப் பார்த்தான், முன்பைவிடச் சத்தமாக. "சளியா? வெந்நீர் குடி" என்றாள் நாப்லா.

இந்த நிலைமையில்தான் டப்ளினிலிருந்து மொழி வாரியம் வந்து சேர்ந்தது.

வாரியம் என்றால் ஓர்லா என்று ஒரு பெண். முப்பது வயசிருக்கும். கையில் கணினி, காலில் இந்த ஊர்ச் சேற்றுக்கு லாயக்கே இல்லாத வெள்ளை ஷூ. காதலர் தினத்துக்கு "ஐரிஷ் மொழியில் நூறு காதல் சொற்கள்" என்று வாரியம் ஒரு புத்தகம் போடப் போகிறதாம். வேல்ஸ்காரர்கள் போட்டுவிட்டார்கள், ஸ்காட்லாந்துத் தீவுக்காரர்கள் போட்டுவிட்டார்கள், கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்சில் பிரெத்தான் மொழிக்காரர்கள்கூடப் போட்டுவிட்டார்கள். காதலில் நாம் மட்டும் பின்தங்கிவிட்டோம் என்று மந்திரி வருத்தப்பட்டாராம். மந்திரிக்கு ஐரிஷில் கழிப்பறை எங்கே என்று கேட்கக்கூடத் தெரியாது, அது வேறு விஷயம்.

"இந்தக் கடற்கரையிலேயே சொல்வளம் அதிகம் உங்ககிட்டதான்னு எல்லாரும் சொல்றாங்க" என்றாள் ஓர்லா.

"யாரு சொன்னது, என் கன்னுக்குட்டியே?"

ஓர்லாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. உடனே எழுதிக்கொண்டாள். முதல் சொல்.

நான்கு நாள் உட்கார்ந்தார்கள். படிவத்தில் மூன்று கட்டம்: சொல், பொருள், யாரிடம் சொல்வது. ஃபேஹீன் பொய் சொல்லத் தெரியாதவன். "இதயத்தின் நாடியே" - பசுவிடம், தபால்காரனிடம். "என் ரகசியமே" - நாயிடம். "என் வெளிச்சமே" - படகு என்ஜினிடம், அது கிளம்பாதபோது. "உலகத்தில் என் பங்கே" - பாதிரியாரிடம், அவர் நீளமாகப் பேசும்போது. அவன் சொல்லச் சொல்ல மூன்றாவது கட்டத்தைப் பார்த்து ஓர்லாவின் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று. கடைசியில் தொண்ணூற்றொன்பதில் நின்றது.

"ஒண்ணு குறையுதே. சரி, இப்படிக் கேக்கறேன். மனசுக்குப் பிடிச்ச பொண்ணு ஒருத்தி. அவளை என்னன்னு கூப்பிடுவீங்க?"

ஃபேஹீன் அடுப்பைப் பார்த்தான். பிறகு தன் பூட்ஸைப் பார்த்தான்.

"ஒண்ணும் கூப்பிட மாட்டோம்."

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே. அவளை மட்டும்."

ஓர்லா பேனாவைக் கீழே வைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "இது... இது அற்புதம்!" என்றாள். ஃபேஹீனுக்கு அதில் என்ன அற்புதம் என்று விளங்கவில்லை. டீ ஊற்றிக் கொடுத்தான்.

பிப்ரவரி பாதியில் புத்தகம் வந்தது. அட்டை சிவப்பு, ஓரமெல்லாம் இதயம். மூன்றாவது கட்டத்தை வாரியம் முழுசாக வெட்டி எறிந்திருந்தது. பசுவுக்குச் சொன்னதும் படகு என்ஜினுக்குச் சொன்னதும் சுத்தமான காதலாக அச்சாகியிருந்தன. டப்ளினில் ஒரு ஜோடி "என் கன்றுக்குட்டியே" என்று ஆளுக்குப் பாதியாகக் கையில் பச்சை குத்திக்கொண்டதாகப் பத்திரிகையில் படம் வந்தது. நூறாவதுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். "ரோஸ்குவன் ஆண்மகன் தான் நேசிக்கும் பெண்ணை எந்தச் செல்லப்பெயராலும் அழைப்பதில்லை. மௌனமே அவனுடைய நூறாவது சொல்." கீழே ஃபேஹீனின் படம், பசுவோடு. பசுதான் நன்றாக விழுந்திருந்தது.

ஊர் நாசமாய்ப் போயிற்று. வேறு எப்படிச் சொல்ல?

தெரிந்த விஷயம்தான். ஆனால் தெரிந்ததை அச்சில் பார்ப்பது வேறு. கடைக்காரி பாபீனின் புருஷன் முப்பது வருஷமாகக் காலையில் "கண்ணே, முட்டை" என்று கேட்டு வந்தவன். புத்தகம் வந்த மறுநாள் பாபீன் முட்டையைத் தட்டில் வைக்கவில்லை, தலையில் வைத்தாள். "முப்பது வருஷம்! ஒரு நாளாவது என்னை ஒண்ணும் கூப்பிடாம இருந்திருக்கியா நீ?" தபால்காரன் மார்கஸின் கதி இன்னும் மோசம். அவன் பிறவியிலேயே சிடுமூஞ்சி. எந்தப் பெண்ணிடமும் "தபால்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது பதினான்கு வீட்டுப் புருஷன்மார் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பாதிரியார் பயந்துபோய், ஆர்கன் வாசிக்கும் அம்மாவில் தொடங்கி ஒரு பெண்ணையும் விடாமல் ஒரே மூச்சில் மூன்று செல்லப்பெயர் சேர்த்துக் கூப்பிட ஆரம்பித்தார். பூசை அரை மணி நேரம் நீண்டுவிட்டது.

பிறகு ஊர் அடுத்த கணக்குக்கு வந்தது. வராமல் இருக்குமா?

"அதெல்லாம் கிடக்கட்டும்" என்றாள் பாபீன், கடையில் ஆறேழு பேர் நிற்கும்போது. "இதை எழுதிக் கொடுத்தவன் யாரை ஒண்ணும் கூப்பிடாம விட்டான்? என்னைக் கூப்பிட்டிருக்கான். என் மாமியாரைக் கூப்பிட்டிருக்கான், அந்தப் பிசாசையே 'மென்மையே'ன்னு கூப்பிட்டிருக்கான். நாப்லாவை?"

எல்லாரும் ஒன்பது வருஷத்தைப் பின்னோக்கி யோசித்தார்கள். "அட!" என்றான் ஒருவன்.

ஃபேஹீனுக்கு இந்தச் செய்தி வந்து சேர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பத்து நாள் அவன் வெளியே தலைகாட்டவில்லை. படகைத் துடைத்தான், துடைத்ததையே துடைத்தான். ஒன்பது வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்தது இப்படிச் சந்தி சிரிக்கிறதே என்று அவமானம் பிடுங்கித் தின்றது. அதற்கு மேல் ஒரு பயம். நாப்லா என்ன நினைப்பாள்? ஊர்ச் சிரிப்பில் என்னையும் இழுத்துவிட்டானே பாவி என்றுதானே நினைப்பாள்? அவள் கிளம்ப இன்னும் ஒரே வாரம்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை தேயிலை தீர்ந்தது. தேயிலை இல்லாமல் எத்தனை நாள்தான் மானத்தைக் காப்பாற்றுவது? கடைக்குப் போனான்.

கடை நிறைய ஜனம். மழைக்கு ஒதுங்கியவர்கள் பாதி, வேடிக்கைக்கு ஒதுங்கியவர்கள் பாதி. நாப்லா ரொட்டி வாங்கிக்கொண்டு நின்றாள். அவன் நுழைந்ததும் பேச்சு பொட்டென்று நின்றது. பாபீன் தராசில் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள். எல்லாக் கண்ணும் அவன் வாய் மேல். கனைத்தால் போச்சு. கனைப்புக்கு என்ன அர்த்தம் என்று இப்போது ஊருக்கே தெரியும். பேசாமல் போனாலும் போச்சு, அதுதான் பக்கம் நூற்றிரண்டில் அச்சாகியிருக்கிறதே.

நாப்லா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சௌக்கியமா, தங்கமே?" என்றான் ஃபேஹீன்.

எப்படி வந்ததென்று அவனுக்கே தெரியாது. பசுவிடம், பாபீனிடம், மார்கஸிடம் பல்லாயிரம் தடவை சொன்ன அதே தங்கமே. நாக்கு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பழகின பாதையில் ஓடிவிட்டது. கடையே ஒரு பெருமூச்சு விட்டது. நாப்லாவின் முகம் கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்தது. ரொட்டியைப் பலகை மேலேயே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், கொட்டுகிற மழையில் இறங்கி நடந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதை ஜன்னல் வழியாக நான்கு பேர் பார்த்தார்கள்.

"நீ மனுஷனா?" என்றாள் பாபீன்.

"நான் என்ன பண்ணேன், பாபீன், என் கண்ணே..."

"கண்ணேன்னு என்னைச் சொல்லு, என் நாயைச் சொல்லு. அவளைப் போய் ஊர் முன்னாடி தங்கமேன்னுட்டியே! பசுவும் அவளும் ஒண்ணா உனக்கு? பாவம்டா, நொறுங்கிப் போயிட்டா. இனிமே பாஸ்டன்ல இருந்து ஒரு கடுதாசிகூட வராது, பாரு."

ஃபேஹீன் தேயிலை வாங்காமலே வீட்டுக்கு வந்தான். பசு எட்டிப் பார்த்தது. முதல் தடவையாக அவன் அதை ஒன்றும் கூப்பிடவில்லை. தொழுவத்தில் உட்கார்ந்து அழுதான். சத்தமாகவே அழுதான். அவளை அவன் அவ்வளவு நேசித்தான், அந்த ஒரு வார்த்தையால் அத்தனையையும் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று நினைத்தான்.

புதன்கிழமை முழுக்க யோசித்தான். வியாழக்கிழமை காலையில் முகச்சவரம் செய்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு மேட்டு வீட்டுக்கு நடந்தான். வழியில் மார்கஸ் சைக்கிளை நிறுத்திப் பார்த்தான். "யாரு செத்தது?"

"இன்னும் யாரும் இல்ல" என்றான் ஃபேஹீன்.

நாப்லாவின் அடுக்களைக் கதவு திறந்திருந்தது. மேசை மேல் பெரிய சிவப்புப் பெட்டி, வாய் பிளந்தபடி. துணிகள் பாதி பெட்டியில், பாதி நாற்காலியில். ஃபேஹீன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வா. உட்காரு" என்றாள் நாப்லா. ஒரு சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பயணம் போகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டான்.

"உட்கார வரல. ஒண்ணு சொல்லணும். செவ்வாய்க்கிழமை கடையில நான் ஒரு வார்த்தை சொன்னேன்."

"ஆமா. சொன்னே." அவள் கை நின்றுவிட்டது.

"அது தப்பு. வாய் தவறி வந்துடுச்சு. அந்த வார்த்தையை நான் திருப்பி வாங்கிக்கறேன். நீ எனக்குத் தங்கமும் இல்ல ஒண்ணும் இல்ல. இதைச் சொல்லத்தான் வந்தேன். மன்னிச்சுடு."

ஒரு பெண்ணைத் தங்கமே என்று சொன்னதற்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்ட ஆம்பளை உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். சொல்லி முடித்ததும் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது அவனுக்கு. அவளுக்குப் புரியும். இந்த ஊர்ப் பெண்ணல்லவா, புரியாமல் இருக்குமா?

நாப்லா சட்டையைக் கீழே வைத்தாள். அவள் முகத்திலிருந்த வெளிச்சம் அப்படியே போய்விட்டது.

"இந்தப் பெட்டியில இருந்து துணியை நான் வெளிய எடுத்து வெச்சுட்டிருக்கேன்" என்றாள் மெதுவாக. "உள்ள வைக்கல."

ஃபேஹீனுக்கு விளங்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை மழையில நனைஞ்சுட்டே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அழுதேன். வந்ததும் அக்காவுக்குப் போன் பண்ணினேன். நான் வரல, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போறேன்னேன். ஏன்டின்னு கேட்டா. ஒருத்தர் என்னைத் தங்கமேன்னு கூப்பிட்டாருன்னேன். அவ சிரிச்சா. நானும் சிரிச்சேன்."

"ஆனா நீ... அழுதுட்டுப் போனே..."

"சந்தோஷத்துல அழுதேன்டா, முட்டாள்!" அவள் குரல் உடைந்தது. "இருபத்திரண்டு வருஷம் டைக்குக்குப் பொண்டாட்டியா இருந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னை எதுவும் கூப்பிட்டதில்ல. கனைப்பாரு. கனைச்சா சோறு, ரெண்டு தடவை கனைச்சா டீ. அவர் செத்த அன்னைக்கு ஊரே என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னது, உம்மேல அவருக்கு உசிருன்னு. எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காரு, என்னைத் தவிர! எனக்குக் காது இல்லையா? அவர் போன மூணாம் வருஷம் நீ வந்தே. படலைச் சரி பண்ணே. திரும்பிப் பார்த்தா, நீயும் கனைக்கறே. என் கோழியைக் கண்மணின்னே. நான் ஜன்னலுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டு இருந்தேன். அந்தக் கோழி மேல எனக்கு அவ்வளவு பொறாமை வந்துச்சு, ஞாயித்துக்கிழமை அதைக் குழம்பு வெச்சுட்டேன்."

ஃபேஹீனுக்கு அந்தக் கோழி ஞாபகம் வந்தது. சிவப்புக் கோழி. நரி பிடித்துப் போயிற்று என்று சொன்னாளே.

"ஊர் வழக்கமாம்! எந்தப் பொம்பளையைக் கேட்டு வெச்சாங்க இந்த வழக்கத்தை? பாபீன் முட்டையைத் தூக்கி அடிச்சாளே, அவளுக்குப் பைத்தியம். அவ இடத்துல நான் இருந்திருந்தா தினமும் ரெண்டு முட்டை போட்டுக் குடுத்திருப்பேன். கடைசியில ஒருத்தன் வாயைத் திறந்து, எல்லார் முன்னாடியும் என்னைத் தங்கமேன்னான். ரெண்டு நாள். ரெண்டே நாள் அது எங்கிட்ட இருந்துச்சு. இப்போ கோட்டு மாட்டிக்கிட்டு அதைத் திருப்பி வாங்க வந்துட்டே."

அவள் நாற்காலியிலிருந்த சட்டையை எடுத்தாள். பெட்டிக்குள் வைத்தாள். அடுத்து ஒரு பாவாடை. அடுத்து காலுறைகள்.

ஃபேஹீனுக்குத் தலை சுற்றியது. தொண்ணூற்றொன்பது சொல் தெரிந்தவன், அரசாங்கமே வந்து அவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து எழுதிய மனுஷன், இந்த ஒரு பெண் ஜன்னலுக்குப் பின்னால் ஒன்பது வருஷம் எதற்காக நின்றாள் என்பது தெரியாமலே இருந்திருக்கிறான். காலுறை பெட்டிக்குள் போவதைப் பார்த்தான். அடுத்தது அவள் கோட்டு. அதோடு பெட்டி நிறைந்துவிடும்.

"வைக்காதே" என்றான்.

அவள் கடைசிக் காலுறையையும் வைத்துவிட்டுக் கோட்டைக் கையில் எடுத்தாள்.

"நாப்லா, வைக்காதே! எனக்கு... எனக்கு உம்மேல பிரியம். ஒன்பது வருஷமா. நீ போயிட்டா நான் யாருக்குக் கானாங்கெளுத்தி பிடிக்கறது? உன்னைத் தங்கமேன்னு சொன்னா பசுவுக்குச் சமமா வெச்ச மாதிரி ஆயிடுமேன்னு பயந்தேன். இனிமே பசுவை வேணா ஒண்ணும் சொல்லல."

"பசு என்ன பாவம் பண்ணுச்சு, அதுக்கும் சொல்லு" என்றாள் நாப்லா. முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கோட்டு கையிலேயே இருந்தது. "நீ திருப்பி வாங்கினது எங்கே?"

ஃபேஹீன் வாயைத் திறந்தான். பல்லாயிரம் தடவை சொன்ன வார்த்தை. கல்லை உருட்டுகிற மாதிரி இருந்தது. நெற்றியெல்லாம் வியர்த்து, கோட்டுக் கழுத்து நனைந்தது. இரண்டு தடவை காற்றுதான் வந்தது. கனைப்பு வரப் பார்த்தது; வாயைப் பொத்தி அதை விழுங்கினான்.

"தங்கமே" என்றான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நாப்லா திரும்பினாள். பிறகு கோட்டைக் கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள்.

"சரி. நான் போகல" என்றாள். "ஆனா இது இன்னைக்கு மட்டும் சொல்லிட்டுப் போற சமாசாரம் இல்ல. நாளைக்கும் சொல்லணும். நாளன்னிக்கும்."

"தினமுமா?" என்றான் ஃபேஹீன், நிஜமான பயத்தோடு.

"தினமும்."

"மழை பெய்ஞ்சாலுமா?"

"மழை பெய்ஞ்சாலும், நான் கிழவி ஆனாலும், நமக்குள்ள சண்டை வந்தாலும். யார் முன்னாடியும். முடியுமா முடியாதா, இப்பவே சொல்லு. சனிக்கிழமை பஸ் ஒன்பது மணிக்கு."

புயலில் படகு கவிழ்ந்தபோதுகூட ஃபேஹீன் இவ்வளவு பயந்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"முடியும்" என்றான்.